பதினைந்தாம் நாள்

வணக்கம். பெருந்தொற்றுக் காலத்தில் கனடாவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். டொராண்டோவில் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் ஓர் அமைப்பில் வேலை பார்க்கிறேன். 2020, 2021 இரண்டு வருடமும் அந்த வேலை பெரும்பாலும் தொலைபேசியில்தான் நடந்தது. அப்போது வந்தவர்களில் பலரை எனக்குக் குரலாகத்தான் தெரியும். தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியாது.

அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே விதிகளில்தான் ஆரம்பிக்கும். சொல்ல நிறைய இருக்கிறது, உண்மைதான். 2020 மார்ச் 18-ஆம் தேதி எல்லையில் கட்டுப்பாடு வந்தது. அன்றைக்குள் பிஆர், அதாவது நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமைக்கு ஒப்புதல் கிடைத்தவர்கள் வரலாம், அதற்குப் பிறகு கிடைத்தவர்கள் காத்திருக்க வேண்டும். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுச் சாமானை விற்றுவிட்டு, பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனையோ பேர். ஒப்புதல் கடிதத்துக்குக் காலாவதித் தேதி உண்டு, மருத்துவப் பரிசோதனைக்கும் உண்டு. இரண்டும் கண் முன்னால் காலாவதியாயின. செல்லுபடியாகும் கடிதம் வைத்திருந்த எல்லோரும் வரலாம் என்ற அறிவிப்பு 2021 ஜூன் 21-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இதற்கு நடுவில், 2021 பிப்ரவரி 13 அன்று, எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது வயது, படிப்பு, வேலை அனுபவத்துக்குப் புள்ளி போட்டு பிஆருக்கு ஆள் எடுக்கும் முறையில், வெறும் 75 புள்ளிக்கு 27,332 பேரை அழைத்தார்கள். வழக்கமாக 400-க்கு மேல் இருந்தால்தான் பேச்சே. அந்த அழைப்பு கனடாவில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு, அதாவது பெரும்பாலும் ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்தவர்களுக்கு. 2020-இல் புதிதாக பிஆர் கொடுக்க வைத்திருந்த இலக்கு 3 லட்சத்து 41 ஆயிரம் பேர், கிடைத்தது 1 லட்சத்து 84 ஆயிரம் சொச்சம். உள்ளே இருப்பவர்களை எடுத்தால் விமானமே தேவையில்லை, எண்ணிக்கையும் ஏறிவிடும். 2021-இல் 4 லட்சத்தைத் தாண்டியும்விட்டார்கள். அரசுக்குக் கணக்கு சரி. கடிதத்தை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் காத்திருந்தவர்களுக்குக் கோபம் வந்ததில் என்ன தப்பு?

அப்புறம் விமானம். 2021 ஏப்ரல் 22 முதல் செப்டம்பர் 26 வரை இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. மெக்சிகோ, மாலத்தீவு, செர்பியா என்று எங்கேயாவது இறங்கி, அங்கே ஒரு பிசிஆர் கொரோனா பரிசோதனை எடுத்து, அது நெகட்டிவ் என்று வந்தால் மேற்கொண்டு பயணம். கனடாவில் இறங்கினாலும், அந்த வருடம் பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை, விமானத்தில் வந்த பெரும்பாலோருக்கு மூன்று இரவு ஓட்டல். சொந்தச் செலவில்.

அதையெல்லாம் நான் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு கஷ்டமானாலும் அதற்கு ஒரு முடிவு தேதி இருந்தது. கனடாவில் இறங்கியதும் 14 நாள் தனிமை என்றால் 14 நாள். ஆட்கள் அதை நாள்காட்டியில் அடித்துக்கொண்டே கடந்துவிட்டார்கள். என்னிடம் பேசியவர்கள் உடைந்துபோனது பதினைந்தாம் நாளுக்கு அப்புறம்தான்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கணவரும் இரண்டு பிள்ளைகளும், ஒரு அடித்தள வீடு. தனிமையின் எட்டாம் நாள் கொரோனா பரிசோதனையை வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டும். திரையில் ஒரு நர்ஸ் பார்த்துக்கொண்டிருப்பார், நாம் குச்சியை மூக்குக்குள் விட்டுச் சுழற்ற வேண்டும். இணையத்தில் அந்த நர்ஸுக்காகக் காத்திருந்தே இவருக்குப் பாதி நாள் போய்விட்டது. "அக்கா, இந்த நாட்டு மனுஷி ஒருத்தி என்னோடு பேசிய முதல் பேச்சே, இப்போ அடுத்த மூக்குத் துவாரம் என்பதுதான்" என்று சொல்லிச் சிரித்தார். அப்போது நல்ல தைரியமாகத்தான் இருந்தார்.

ஒரு மாதம் கழித்து அதே ஆள் போன் செய்து, "வெளியே போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கே போவது அக்கா?" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வேறு எந்த வருடமாக இருந்தாலும் முதலில் நூலகத்துக்குப் போகச் சொல்லியிருப்பேன். புதிதாக வந்தவருக்கு அங்கேதான் எல்லாம் ஆரம்பிக்கும்: இலவசக் கணினி, ரெஸ்யூமே அச்செடுப்பது, ஆங்கிலப் பேச்சு வட்டம், பிள்ளைகளுக்குக் கதை நேரம். அதைவிட முக்கியம், பக்கத்து நாற்காலியில் இருப்பவர். அவரும் ஆறு மாதம் முன்பு வந்தவராக இருப்பார், எந்தப் பள்ளி நல்லது, எந்த ஏஜென்சியை நம்பக்கூடாது என்று கேட்காமலே சொல்வார். அன்றைக்கு நூலகத்தில் முன்பதிவு செய்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும், உட்கார இடமில்லை. டொராண்டோ உணவகங்களில் 2020 அக்டோபர் முதல் அடுத்த ஜூலை வரை உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடியாது. பிள்ளைகளின் பள்ளியும் திரையில், அதனால் பள்ளி வாசலில் மற்ற பெற்றோரோடு நிற்கும் அந்தப் பத்து நிமிடமும் இல்லை.

புதிய நாட்டில் ஒருவர் காலூன்றுவது இப்படித் தற்செயலாகக் கிடைக்கும் ஆட்களால்தான். திட்டம் போட்டுச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றிவிட்டார்கள்: சமூகக் காப்பீட்டு எண், வங்கிக் கணக்கு, வேலை நேர்காணல். சிலர் மேலாளரை ஒரு தடவைகூட நேரில் பார்க்காமலே ஒரு வருடம் வேலை பார்த்தார்கள். தற்செயலை மட்டும் இணையத்தில் ஏற்ற முடியவில்லை.

முகக்கவசம் வேறு. உச்சரிப்பு பிடிபடாதவர்கள் பாதியை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். கடையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், துணிக்குப் பின்னால் ஒருவர் ஏதோ முணுமுணுப்பார். மூன்றாவது தடவையும் "ஸாரி?" என்று கேட்கக் கூச்சப்பட்டு, எதற்கென்று தெரியாமலே "யெஸ்" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் உண்டு. நல்ல ஆங்கிலம் தெரிந்தவர்களே எனக்கு ஆங்கிலம் தெரியாது போலிருக்கிறது என்று நினைக்க ஆரம்பித்தார்கள். அது நேர்காணல் வரைக்கும் கூடவே போகும்.

நல்லது நடக்கவே இல்லையா என்றால், நடந்தது. ஒன்டாரியோவில் மருத்துவக் காப்பீட்டுக்குப் புதியவர்கள் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2020 மார்ச்சில் அதைத் தூக்கிவிட்டார்கள். முன்பு வந்தவர்கள் தனியார் காப்பீட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டு, அந்த மூன்று மாதத்தில் யாருக்கும் காய்ச்சல்கூட வந்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருப்பார்கள். இத்தனை வருடம் எதற்கு அந்த விதி இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பெண் இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார். ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அறைக்குள் கழித்த தனிமை நாட்களும் அந்தக் கணக்கில் சேரும். குடியுரிமை உறுதிமொழி விழாவை 2020 முதல் இணையத்திலும் நடத்துகிறார்கள். கேமரா முன்னால் பிஆர் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் காட்ட வேண்டும், உறுதிமொழி சொல்ல வேண்டும், முடிந்தது. போன வாரம் போனில் கேட்டார்: "நேரில் நடக்கும் விழாதான் வேண்டும் என்று கேட்க முடியுமா அக்கா? நாள் ஆனாலும் பரவாயில்லை." கேட்கலாம் என்று சொல்லி, எப்படி எழுத வேண்டும் என்பதையும் சொன்னேன். நானும் வருகிறேன் என்றேன். இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.