சவரக்கத்தியும் தோல் வாரும்

நேயர்களுக்கு வணக்கம்.

இருபது வருஷம் நான் சேஃப்டி ரேசரில்தான் சவரம் செய்துவந்தேன். பிளேடை மாட்டி, பிடியைத் திருகி, பத்து நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடலாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால், மடக்குச் சவரக்கத்தியைப் பழகிப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. எங்கள் பக்கத்துத் தெருவில் நாற்பது வருஷம் சலூன் கடை நடத்தி ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். "சொல்லித் தர்றேன் தம்பி. ஆனா ஒரு மாசத்துக்குக் கத்தியை முகத்துல வைக்கக் கூடாது" என்றார்.

வெட்டுப்பட்டுவிடும் என்று பயந்துதான் அப்படிச் சொல்கிறார் என நினைத்தேன். காரணம் வேறு. அந்த ஒரு மாதமும் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது தீட்டுவதை மட்டும்தான்.

அவர் வீட்டுத் திண்ணைத் தூணில் ஓர் ஆணி. அதில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு ஒரு தோல் வார் தொங்கும். கீழ் நுனியை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியை வார்மேல் படுக்கவைக்க வேண்டும். கூரான விளிம்பை அவர் 'வாய்' என்பார். முதுகும் வாயும் ஒரே நேரத்தில் தோலைத் தொட வேண்டும். முதுகு முன்னே போக, வாய் பின்னால் வரும். வாரின் முடிவுக்கு வந்ததும் கத்தியை முதுகின் மேலேயே புரட்டித் திரும்ப இழுக்க வேண்டும். தப்பித் தவறி வாயின் மேல் புரட்டினால் வாரில் வெட்டு விழும், கத்தியின் கூரும் போகும். முதல் வாரத்திலேயே மூன்று வெட்டு விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. உப்புத்தாளை எடுத்து மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்திக் கொடுத்தார்.

அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். நான் தீட்டும்போது அவர் என் கையைப் பார்ப்பதே இல்லை. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். திடீரென்று, "கை சாஞ்சிருச்சு தம்பி, சத்தம் கேட்கலையா?" என்பார். குனிந்து பார்த்தால் கத்தியின் முதுகு தோலைவிட்டு ஒரு மயிரிழை தூக்கியிருக்கும். கத்தி சரியாகப் படுத்திருந்தால் போகும்போதும் வரும்போதும் ஒரே மாதிரி 'சர்க் சர்க்' என்று கேட்கும். சாய்ந்துவிட்டால் ஒரு பக்கச் சத்தம் மெலியும். அதை என் காது பிடித்துக்கொள்ள மூன்று வாரம் ஆனது. வானொலியில் இதைச் சொல்லக் கிடைத்ததில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி. ஏனென்றால் இது காதால் கற்கிற வேலை.

இவ்வளவு தீட்டல் எதற்கு? முடியைவிட எஃகு ஏறக்குறைய ஐம்பது மடங்கு கடினமானது. ஆனாலும் முடிதான் எஃகைக் கெடுக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் இதை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, 2020இல் வெளியிட்டார்கள். முடி ஒரு பக்கமாக வளையும்போது, கூர்முனையில் எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் பொடிப்பொடியாகச் செதில் பெயர்ந்துவிடுகிறதாம். சவரக்கத்தியின் முனை அவ்வளவு மெல்லியது. ஒரு சவரம் முடிந்தாலே அங்கங்கே லேசாக மடங்கியும் போகும். அதை வார் நிமிர்த்திக் கொடுக்கும். வாரால் முடியாத நிலை வந்தால் சாணைக்கல்தான். கல்லிலும் முதுகையும் வாயையும் சேர்த்துப் படுக்கவைத்தே தேய்க்க வேண்டும். முதுகின் தடிமன்தான் கூரின் கோணத்தைத் தீர்மானிக்கிறது. அளவுகோலைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கும் கருவி அது. இதை முதலில் யோசித்தவர் யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

இந்தத் தீட்டுகிற வேலையிலிருந்து மனிதனை விடுவித்ததுதான் சேஃப்டி ரேசரின் பெரிய சாதனை என்பது என் கருத்து. வெட்டுப்படாமல் காப்பது அதற்கு முன்பே வந்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பாரீஸில் ழான் ழாக் பெரே என்பவர் சவரக்கத்திக்கு மரக்காப்புப் போட்டுக் காட்டினார். ஆனால் அதையும் தீட்டியாக வேண்டும். கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர் 1895இல் ஒருநாள் காலை சவரம் செய்ய நின்றபோது, அவர் கத்தி வாரில் தீட்டினாலும் தேறாத அளவுக்கு மழுங்கியிருந்தது. மெல்லிய தகட்டில் கூர் வைத்து, மழுங்கியதும் தூக்கிப்போட்டுவிட்டால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் வந்தது. அவ்வளவு மெல்லிய எஃகில் கூர் நிற்காது என்று விவரம் தெரிந்தவர்களே கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதற்கு வழி கண்டுபிடித்தார். ஜில்லெட்டின் ரேசர் 1903இல் விற்பனைக்கு வந்தபோது அந்த வருஷம் முழுக்க விற்றது 51 ரேசர், 168 பிளேடு. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு லட்சக்கணக்கில் ரேசர்களைக் கொடுத்தார்கள். போர் முடிந்து வீடு திரும்பிய இளைஞர்களுக்கு வார் தேவைப்படவில்லை.

சரி, முகத்துக்கு வருவோம். சேஃப்டி ரேசரில் பிளேடு எந்தச் சாய்வில் தோலைத் தொட வேண்டும் என்பதை அதன் தலையே பெருமளவு பார்த்துக்கொள்கிறது. சவரக்கத்தியில் அது முழுக்க நம் கைப்பொறுப்பு. முப்பது டிகிரி அளவில் சாய்த்து, மற்ற கையால் தோலை இழுத்துப் பிடித்து, அழுத்தாமல் இறக்க வேண்டும். கன்னத்தில் சுலபம். தாடையில் எலும்பு வளையும் இடத்தில் கத்தியும் கூடவே வளைந்து திரும்ப வேண்டும். கழுத்தில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. என் இடது கழுத்தில் முடி கீழ்நோக்கி வளரவில்லை, காதை நோக்கிப் படுத்து வளர்கிறது. இருபது வருஷமாக அங்கே சிவந்து தடித்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அதுதான். இப்போது சேஃப்டி ரேசரை எடுத்தாலும் அந்த இடத்தில் குறுக்காகத்தான் இழுக்கிறேன். தடிப்பு நின்றுவிட்டது.

வார நாட்களில் இன்றும் எனக்கு ரேசர்தான். ஞாயிற்றுக்கிழமை கத்தி. வழவழப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கத்தியால் செய்யும் நாளில் பிளேடு மட்டும் குப்பைக்குப் போவதில்லை.

சலூனில் இப்போது பாதி பிளேடைக் கத்திப் பிடியில் செருகி, ஆளுக்கு ஒன்றாக மாற்றுகிறார்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தியால் ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய் போன்றவை இன்னொருவருக்குத் தொற்றலாம். அதனால் வீட்டிலும் கத்தி ஓர் ஆளுக்கு மட்டும்தான். ஆனால் வாரில் தீட்டத் தெரிந்த கைகள் நம் ஊர்களில் அருகிக்கொண்டே வருகின்றன. கண்ணால் பார்க்காமல், சத்தத்தை வைத்தே கத்தியின் சாய்வைச் சொல்கிறவரின் தொழிலை இந்த ஊர் ஒருநாளும் வித்தை என்று மதித்ததில்லை. அது எனக்கு ஆறவில்லை.

பழக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்கெனவே கல்லில் தீட்டிக் கூர் வைத்த கத்தியாக வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் கன்னத்தோடு நிறுத்திவிட்டு மிச்சத்தை ரேசரில் முடியுங்கள். முடித்ததும் குளிர்ந்த நீர், பிறகு படிகாரக் கட்டி. எங்கே எரிகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள். கத்தியை ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். மேலுதட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எனக்குக் கை நிதானப்பட நான்கு மாதம் ஆனது.

நன்றி, வணக்கம்.