ஆஸ்திரேலியப் பாலையில் ஒரு வானொலிப் பள்ளி: பாடம் நடத்துவது யார்?

[காட்சி: கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒரு சிறிய ஒளிபரப்பு அறை. ஓர் ஆசிரியை, ஒரு கேமரா.]

வணக்கம். அடிலெய்டிலிருந்தும் டார்வினிலிருந்தும் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவில், ஆஸ்திரேலியாவின் நட்டநடுவே இருக்கும் ஊர் அலைஸ் ஸ்பிரிங்ஸ். அங்குள்ள ‘ஸ்கூல் ஆஃப் தி ஏர்’ பள்ளிக்குத்தான் வந்திருக்கிறோம். பள்ளிக்கூடமே எட்டாத தொலைவில் வாழும் பிள்ளைகளுக்கு இங்கிருந்தே பாடம் போகிறது; முன்பு வானொலியில், இப்போது செயற்கைக்கோள் வழியாக. வருகையாளர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பாடத்தைப் பார்க்கலாம்.

ஆசிரியை ஓர் அட்டையைக் கேமராவுக்கு அருகில் நீட்டிக் கேள்வி கேட்கிறார். பிறகு காத்திருக்கிறார். பாடத்தைக் கொண்டுசெல்லும் புவிநிலைச் செயற்கைக்கோள், அதாவது பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்துக்கு மேலே நிற்பது, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், கேள்வி போய்ப் பதில் வந்துசேர அரை விநாடியாவது ஆகும். அரை விநாடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அதைப் பொறுக்காமல் பேசினால் பிள்ளையின் பதில்மீது ஆசிரியையின் குரல் விழுந்துவிடும்.

[காட்சி: சுவரில் பெரிய வரைபடம்.]

இந்தப் பள்ளியின் எல்லை ஏறத்தாழ 13 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது இந்தியாவின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு. அதற்குள் படிப்பவர்கள் நூற்றுச் சொச்சம் பிள்ளைகள்தான். மாட்டுப் பண்ணைகள், பழங்குடியினர் குடியிருப்புகள், நெடுஞ்சாலையோர விடுதிகள், தேசியப் பூங்காக்கள் என எங்கெங்கோ இருக்கிறார்கள். சிலருடைய வீடு இங்கிருந்து 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால்.

[காட்சி: பழைய வானொலிக் கருவியின் கறுப்பு வெள்ளைப் படம்.]

கதை மருத்துவத்தில் தொடங்குகிறது. ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் 1928இல், விமானத்தில் மருத்துவரை அனுப்பும் ‘பறக்கும் மருத்துவர்’ சேவையைத் தொடங்கினார். மின்சாரமே இல்லாத பண்ணையிலிருந்து மருத்துவரை அழைப்பது எப்படி? அடிலெய்டு பொறியாளர் ஆல்ஃபிரட் டிரேகர், காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியைச் செய்துகொடுத்தார். அதற்குப்பின் மருத்துவத்துக்கு மட்டுமல்லாமல், அக்கம்பக்கத்துப் பெண்கள் ஊர்க்கதை பேசவும் அதுவே வழியாயிற்று.

இதைக் கவனித்தவர் அடிலெய்ட் மீத்கே. பள்ளிகளைப் பார்வையிடும் ஆய்வாளராக இருந்த பெண்மணி. தபாலில் மட்டுமே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கூச்சத்தோடு ஒதுங்கி நிற்பதையும், அதே பிள்ளைகள் வானொலிக் கருவியைச் சரளமாகக் கையாள்வதையும் சேர்த்துப் பார்த்தார். 1951இல் இந்தப் பள்ளி பிறந்தது. இந்த வகையில் உலகிலேயே முதல் பள்ளி. தொடக்கத்தில் ஆசிரியர் பேசுவார், பிள்ளைகள் கேட்பார்கள். கேள்வி பதிலுக்கு நேரம் ஒதுக்கிய பிறகுதான் அது வகுப்பாக மாறியது. முகம் தெரியாது, குரல் மட்டும்தான். அதுவும் கரகரப்புக்கு நடுவே. ஒருவர் பேசி முடித்து ‘ஓவர்’ சொன்ன பிறகே அடுத்தவர் வாய் திறக்கலாம். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் செயற்கைக்கோள் வழி வகுப்பு வந்து, வானொலி ஓய்வுபெற்றது.

[காட்சி: ஒரு பண்ணை வீட்டின் மேசை. பாடப் பொட்டலம் பிரிக்கப்படுகிறது.]

வந்தவர்கள் எல்லாரும் படம் எடுப்பது அந்த ஒளிபரப்பு அறையைத்தான். எனக்கென்னவோ இந்த மேசையைத்தான் எடுக்கவேண்டும் என்று தோன்றுகிறது. நேரலை வகுப்பு ஒரு பிள்ளையின் பள்ளி நாளில் சிறு பகுதியே. மீதிப் பொழுது முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டவும், கணக்குப் போடவும், வாசிக்கவும் வைப்பவர் வீட்டிலுள்ள ஒருவர். பல வீடுகளில் அம்மா; வசதியுள்ள பண்ணைகளில் சம்பளத்துக்கு அமர்த்திய இளம் பெண். பள்ளி அனுப்பும் பாடங்கள் இவரை நம்பியே எழுதப்படுகின்றன.

அம்மாவாக இருந்தால் அவருக்குப் பண்ணை வேலையும் காத்திருக்கும். வெவ்வேறு வகுப்பில் படிக்கும் மூன்று பிள்ளைகள் இருந்தால், ஒரே மேசையில் மூன்று வகுப்பு. தவறு செய்யும் மாணவனும் சொந்த மகன், கோபித்துக்கொள்ளும் ஆசிரியையும் சொந்த அம்மா என்றால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. செயற்கைக்கோளுக்குக் கிடைக்கும் புகழில் கால்வாசி இவர்களுக்குக் கிடைத்திருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

ஆசிரியர்களும் ஸ்டூடியோவோடு நின்றுவிடுவதில்லை. மாணவர்களின் வீடுகளுக்கு நேரில் போகிறார்கள். பிள்ளைகளும் ஆண்டில் சில வாரங்கள் அலைஸ் ஸ்பிரிங்ஸுக்கு வந்து கூடுகிறார்கள். திரையில் மட்டுமே பார்த்த வகுப்புத் தோழன் இவ்வளவு உயரமா என்று தெரிவது அப்போதுதான்.

நீங்களும் அந்தப் பக்கம் போனால் பள்ளி நடக்கும் நாளாகப் பார்த்துக் காலையிலேயே போங்கள். விடுமுறையில் போனால் பதிவுசெய்த பாடம்தான் ஓடும்.