ஃபியூரியின் உயரமும் உசிக்கின் வலது பாதமும்

வணக்கம். கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பேசுகிறேன். இடையிடையே சரக்கு ரயில் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் குத்துச்சண்டை பார்க்கிறவர்கள் நான்கு பேர் கூடினாலே கிளம்பிவிடுகிற வழக்கு ஒன்று உண்டு: ஹெவிவெயிட் எனும் மிகக் கனத்த எடைப்பிரிவில், இந்தக் காலத்து வீரர்களில் யார் பெரியவர்? டைசன் ஃபியூரி என்று ஒரு கட்சி, ஆந்தனி ஜோஷுவா என்று ஒரு கட்சி, டியோன்டே வைல்டரின் வலக்கைக்கு மிஞ்சிய கை உலகத்தில் இல்லை என்று ஒரு கட்சி. இவர்களில் ஒருவரையும் கணக்கில் சேர்க்க முடியாது என்று கையை உதறிவிடுகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். நான் ஒலெக்சாண்டர் உசிக் கட்சி. அவர் வாங்கிக் குவித்த பட்டங்களுக்கான பெல்ட்டுகளுக்காக அல்ல, அவருடைய கால்களுக்காக.

முதலில் பெரியவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகளாகப் பிரிந்து மோதிய ஊர் இது. 1980இல் முகமது அலியே சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை ஆடிவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கண்ணால் கண்டவர்களுக்கு இப்போதைய வீரர்கள் உடம்பை வளர்த்த சோம்பேறிகளாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் எடையைச் சற்றுக் கவனியுங்கள். 1971இல் ஜோ ஃபிரேசியர் அலியை வீழ்த்தியபோது அவர் ஏறத்தாழ 93 கிலோ. 1974இல் ஜார்ஜ் ஃபோர்மனை அலி சாய்த்தபோது ஏறத்தாழ 98 கிலோ. 2024 மே மாதம் ரியாத்தில் ஃபியூரி ஏறத்தாழ 119 கிலோவோடு ரிங்கில் ஏறினார். அவருக்கு எதிரே நின்ற உசிக் 101 கிலோதான். பெரியவர்கள் ஏங்குகிற அந்தக் காலத்து உடம்போடு இந்தக் காலத்து மலைகளைச் சாய்த்துக்கொண்டிருப்பவரை அவர்கள் எப்படிப் புறந்தள்ளுகிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இப்போது கேமராவைத் தரைப்பக்கம் இறக்குகிறேன். சண்டைக் காட்சிகளை இங்கே போட்டுக்காட்ட உரிமை கிடையாது என்பதால், சாக்பீஸால் நான்கு பாதங்களை வரைந்து வைத்திருக்கிறேன். இந்த இரண்டும் ஃபியூரியுடையவை: இடது பாதம் முன்னே, வலது பாதம் பின்னே. எதிரே இருப்பவை உசிக்கினுடையவை. அவர் இடக்கை ஆட்டக்காரர் என்பதால் வலது பாதம் முன்னே இருக்கிறது. இருவரின் முன்பாதங்களும் ஏறக்குறைய நேருக்கு நேர் நிற்பதைப் பாருங்கள். உசிக் தன் வலது பாதத்தை ஃபியூரியின் இடது பாதத்துக்கு வெளியே ஒரு சாண் நகர்த்திவிட்டால், அவருடைய இடக்கை ஃபியூரியின் முகவாய்க்கு நேர்க்கோட்டில் வந்துவிடுகிறது. ஃபியூரியின் வலக்கையோ எட்டாத தூரத்துக்குப் போய்விடுகிறது. அந்தக் கையால் அடிக்க வேண்டுமென்றால் ஃபியூரி முதலில் உடம்பைத் திருப்பியாக வேண்டும், திருப்புவதற்குள் உசிக் அங்கே இருக்கமாட்டார். கேரம் ஆடுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: காயின் விதி, ஸ்ட்ரைக்கரை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. இடக்கை ஆட்டக்காரருக்கு எந்த வாத்தியாரும் முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான் இது. அதைப் பன்னிரண்டு சுற்றும், மூச்சு வாங்கும்போதும், தன்னைவிட அரை அடி உயரமானவருக்கு எதிரேயும் விடாமல் செய்வதில்தான் உசிக்கின் தனித்தன்மை இருக்கிறது.

அந்த ரியாத் சண்டையின் நடுப்பகுதி ஃபியூரியுடையது. கீழிருந்து வந்த அப்பர்கட்டுகளும் வயிற்றுக்கு இறக்கிய குத்துகளும் உசிக்கைத் தடுமாறவைத்தன. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேடிக்கை காட்டுகிற அளவுக்கு ஃபியூரி தெம்பாக இருந்தார். உசிக் அதற்காகப் பதறவில்லை, பாதத்தை வைக்கிற இடத்தையும் மாற்றவில்லை. ஒன்பதாவது சுற்றில் அவருடைய இடக்கைக் குத்து விழுந்ததும், 206 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே தள்ளாடினார். கயிறு தாங்கியதால்தான் நிற்கிறார் என்று கண்டு, அவர் விழுந்ததாகவே கொண்டு நடுவர் எண்ணத் தொடங்கினார். புள்ளி போடுகிற மூன்று நடுவர்களின் தீர்ப்பு 115-112, 114-113 என்று உசிக்குக்கு இரண்டு, 114-113 என்று ஃபியூரிக்கு ஒன்று. அந்த எண்ணிக்கையால் பறிபோன ஒரு புள்ளியை ஃபியூரிக்குத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்: உசிக்குக்கு 114-113 என்று போட்டவரின் தாள் 114-114 ஆகும், சண்டை டிராவில் முடியும். 1999இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு எல்லாப் பட்டங்களும் ஒரே கையில் சேர்ந்தது அந்த ஒரு புள்ளியால்தான். ஃபியூரி கட்சியினர் இதை அதிர்ஷ்டம் என்கிறார்கள். கயிற்றில் தொங்குகிறவரை எண்ணுவது விதி. அவரைக் கயிற்றுக்கு அனுப்பியது உசிக்கின் கை. இதில் அதிர்ஷ்டத்துக்கு எங்கே இடம் என்று எனக்குத் தெரியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மறுபடியும் மோதியபோது ஃபியூரி ஏறத்தாழ 127 கிலோவாக வந்தார், மூன்று நடுவர்களும் 116-112 என்று உசிக்குக்கே கொடுத்தார்கள்.

எதிர்க்கட்சியின் வலுவான வாதங்களை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. 2023 ஆகஸ்ட்டில் போலந்தின் விராட்ஸ்வாஃப் நகரில் டேனியல் டூபுவாவின் குத்தில் உசிக் விழுந்தார். நடுவர் அதை இடுப்புக்குக் கீழே பட்ட அடி என்று சொல்லி, எழுந்து தேறுவதற்கு நேரம் கொடுத்தார். பட்ட இடம் கால்சட்டையின் இடுப்புப் பட்டை விளிம்புதான், அது செல்லுபடியாகும் அடி என்று இன்றும் சண்டை பிடிப்பவர்கள் உண்டு, அதைச் சந்தேகத்துக்குரிய தீர்ப்பு என்றே நானும் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பின் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உசிக் அந்தச் சண்டையை ஒன்பதாவது சுற்றில் முடித்தார். டூபுவா அதன்பின் தேறி, 2024 செப்டம்பரில் வெம்பிளியில் ஜோஷுவாவை ஐந்தே சுற்றில் தரையில் கிடத்தினார். அந்த உச்சத்தில் இருந்த டூபுவாவை 2025 ஜூலையில் அதே வெம்பிளியில், 38 வயதில், உசிக் ஐந்தாவது சுற்றில் வீழ்த்தினார்.

இன்னொரு வாதம், உசிக்கிடம் தோற்றவர் உச்சத்தைத் தாண்டிய ஃபியூரி என்பது. இதில் உண்மை இருக்கிறது. வைல்டருடன் ஆடிய மூன்றாவது சண்டையில் ஒரே சுற்றில் இரண்டு முறை விழுந்தும் எழுந்து, பதினொன்றாவது சுற்றில் முடித்த 2021ஆம் ஆண்டு ஃபியூரி, அதற்குப் பிறகு எந்த ரிங்கிலும் அதே ஃபியூரியாக ஏறவில்லை. 2015இல் டுசல்டார்ஃபில் விளாடிமிர் கிளிட்ஷ்கோவின் நீண்ட ஆட்சியை முடித்ததும் அவர்தான். ஆகவே இரண்டாம் இடத்தை ஃபியூரிக்குக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. உசிக்கைவிட வயதில் இளையவர் ஃபியூரி என்பதையும், உடம்பைக் கவனிக்காமல் விட்டது அவரேதான் என்பதையும் மட்டும் அவருடைய கட்சியினர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

வைல்டரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அந்த மூன்றாவது சண்டைக்குப் போகும்போது அவருக்கு 42 வெற்றிகள், அவற்றில் 41 நாக்அவுட். பிரமாதமான கணக்குதான். அந்த வலக்கை படாத இரவுகளில் அவரிடம் வேறு எதுவும் இருந்ததில்லை. நான்காம் இடம். இதைச் சொன்னதற்காக ராயபுரத்தில் ஓர் அண்ணன் என்னோடு பேசமாட்டார்.

மூன்றாம் இடத்தில் ஜோஷுவா. 2017இல் வெம்பிளியில் தொண்ணூறாயிரம் பேருக்கு முன்னால், தானும் விழுந்து எழுந்து, கிளிட்ஷ்கோவை முடித்த இரவு ஒன்றே அவருக்குப் போதுமானது. உசிக்கிடம் இரண்டு முறை தோற்றார் என்றாலும், 2022இல் ஜெட்டாவில் நடந்த இரண்டாவது சண்டையில் ஒரு நடுவர் ஜோஷுவாவுக்கே தீர்ப்புக் கொடுத்தார். அதில் ஒன்பதாவது சுற்றில் அவர் உசிக்கை அடித்து நொறுக்கியதை அவருடைய கட்சியினர் திரும்பத் திரும்பப் போட்டுக்காட்டுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, அந்த இடத்தில் நிறுத்திவிடாமல் பத்தாவது சுற்றையும் ஓடவிடுங்கள். உசிக்கின் வலது பாதம் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்.