சமர்கண்ட் ரெகிஸ்தான்ல ஒரு சாயங்காலம், கூடவே ஒரு ரொட்டி கதை

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க? எனக்குப் பின்னாடி நீலமா மின்னுதுல்ல, அதுதான் ரெகிஸ்தான், மூணு பழைய மதரஸா, அதாவது அந்தக் காலத்துக் கல்விக்கூடம், சுத்தி நிக்கிற பெரிய சதுக்கம். உஸ்பெகிஸ்தான்ல சமர்கண்ட் வந்தாச்சு! தாஷ்கண்ட்ல அஃப்ரோசியாப் ரயில் ஏறினா ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். காத்து அடிக்குது, சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க.

நேத்து அம்மா போன்ல கேட்டாங்க, "சம்பாதிக்கிறத எல்லாம் டிக்கெட்டுக்கே கொட்டுறியே, அப்படி என்னதான்டி அங்க இருக்கு?"ன்னு. அப்போ எனக்கு சரியா சொல்ல வரல. இன்னிக்கு சொல்றேன்மா, கேளுங்க.

காலையில சியோப் பஜார் போனேன். அங்க ஒரு பாட்டி ரொட்டி விக்கிறாங்க, இங்க அதுக்குப் பேரு நோன், நம்ம நான் ரொட்டி இருக்குல்ல அதே பேருதான், ஆனா சமர்கண்ட் ரொட்டி நல்லா கனமா பளபளன்னு இருக்கும், நடுவுல பூ மாதிரி அச்சு குத்தியிருப்பாங்க. பாட்டி உக்காரச் சொல்லி டீ ஊத்திக் குடுத்தாங்க, பாத்தா அரைக் கிண்ணம்தான் இருக்கு. நம்ம வீட்ல வந்தவங்களுக்கு டம்ளர் நிறைய குடுத்தாதானே மரியாதை? பக்கத்துக் கடைத் தம்பி போன்ல மொழிபெயர்த்து சொன்னான், இங்க கொஞ்சமா ஊத்தினாதான் மரியாதையாம், நீ இன்னும் நேரம் இரு, நான் திரும்பத் திரும்ப ஊத்துறேன்னு அர்த்தமாம். எனக்கு அப்படியே உள்ள என்னமோ பண்ணிடுச்சு.

அப்புறம் அந்தக் கிண்ணத்துக்கு என்ன பேருன்னு கேட்டா பியோலா, நம்ம பியாலா! சமோசா இங்க சோம்சா, மைதானம் மைதோன், உலகம்னா துன்யோ, நம்ம ஊர்ல துனியாம்பாங்கல்ல அதேதான். எத்தனையோ தூரம் தாண்டி வந்து, தெரிஞ்ச வார்த்தை இன்னொருத்தர் வாயில இருந்து வர்றப்போ வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே நான் இன்னும் நூறு ஊர் போவேன்.

மத்தியானம் உலுக் பேக் வான ஆய்வுக்கூடம். அவரு, சமர்கண்டைத் தலைநகரா வச்சு ஆண்ட பேரரசர் தைமூரோட பேரன், ராஜா, ஆனா மனசு முழுக்க நட்சத்திரத்துலதான். டெலஸ்கோப்பே இல்லாத காலத்துல, 1437ல 1,018 நட்சத்திரத்துக்குப் பட்டியல் போட்டிருக்காரு, ஒரு வருஷத்தோட நீளத்தைக் கணக்கு போட்டதுல தப்பு ஒரு நிமிஷம் கூட இல்ல, வெறும் 58 செகண்ட்! 1449ல அவரைக் கொன்னுட்டாங்க, கட்டடமும் போச்சு. 1908ல தோண்டி எடுத்ததுல மிச்சம் இருக்கிறது, வானத்தை அளக்க அவங்க கட்டின கருவியோட ஒரு பகுதி, பூமிக்குள்ள இறங்குற ஒரு பெரிய கல் வளைவுதான். இதெல்லாம் நான் முன்னாடியே படிச்சதுதான், ஆனா அந்தப் பள்ளத்து விளிம்புல நின்னு கீழ பாத்தப்போ, ஒரு மனுஷன் ராத்திரி ராத்திரியா இங்கதான் கண்ணு முழிச்சு வானத்தையே பாத்துட்டு இருந்தாரான்னு தோணிச்சு பாருங்க, பேசவே முடியல, கேமரா கூட ஆன் பண்ணல.

ஆங், ரொட்டி கதையை விட்டுட்டேன். இங்க ஒரு பழக்கம் இருக்கு, வீட்டுல இருந்து யாராச்சும் தூரம் கிளம்பினா ஒரு ரொட்டியில ஒரு கடி கடிச்சுட்டுப் போவாங்க, மீதியை எடுத்து பத்திரமா வச்சிருப்பாங்க, அவங்க நல்லபடியா திரும்பி வந்து அதை சாப்பிடணும்னு. நான் கிளம்புறப்போ பாட்டி ஒரு ரொட்டியை நீட்டி கடிக்கச் சொன்னாங்க. நான் யாரு அவங்களுக்கு? ஒரு மணி நேரப் பழக்கம்! கடிச்சேன், அதை வாங்கி துணியில சுத்தி அலமாரி மேல வச்சுட்டாங்க.

அம்மா, கேட்டீங்கல்ல? இதுதான்.

இருங்க இருங்க, லைட் போட்டுட்டாங்க! கேமராவை இங்க இருக்கிற மூணு மதரஸால ஒண்ணான ஷெர்தோர் பக்கம் திருப்புறேன், அந்த வாசல் மேல புலி முதுகுல சூரியன் இருக்கு பாருங்க, சூரியனுக்கு முகம் கூட இருக்கு, தெரியுதா?