எஃப்.எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு முழிச்சிருக்கும்போதே ஆபரேஷன்?

அடுத்த கேள்வி கொஞ்சம் நீளம், படிச்சிடறேன். "எங்க அண்ணனுக்கு மூளையில இடது பக்கம், நெத்திப் பகுதியில கட்டி. க்ளையோமான்னு (மூளையோட துணை செல்கள்லேர்ந்து வர்ற கட்டி) சொல்லியிருக்காங்க. எஃப்.எம்.ஆர்.ஐ. எடுத்து, பேச்சு வர்ற இடம்னு ஆரஞ்சு கலர்ல காட்டினாங்க. கட்டிக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி நல்லாவே இருக்கு. அப்படியும் சர்ஜன், அண்ணன் முழிச்சிருக்கும்போதே பண்ணணும்கிறார். எல்லாம் ஸ்கேன்லயே தெரிஞ்சபிறகு இந்தச் சித்திரவதை எதுக்கு? ஸ்கேனுக்குக் கட்டின காசு தண்டமா?"

நியாயமான கேள்விங்க. நான் ரேடியாலஜி ஆளு, கத்தி பிடிக்கிறவன் இல்ல. அந்த ஆரஞ்சு கலரைப் போடறதே எங்க ஆளுங்கதான். அதனால அதைப் பத்தி உண்மையச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கு.

எஃப்.எம்.ஆர்.ஐ.ங்கிறது மூளையில எந்த இடம் வேலை செய்யுதுன்னு காட்டற ஸ்கேன். ஆனா அது மூளை யோசிக்கிறதைப் படம் பிடிக்கல. ரத்தத்தைத்தான் பிடிக்குது. மூளையில ஒரு இடம் வேலை செஞ்சா, அங்க ஆக்சிஜன் உள்ள ரத்தம் தேவைக்கு மேலயே வந்து கொட்டும். ஆக்சிஜன் இருக்கிற ரத்தத்துக்கும் இல்லாத ரத்தத்துக்கும் காந்தத் தன்மை வேற. இதை வெச்சே படம் எடுக்கலாம்னு 1990-ல செய்ஜி ஓகாவாங்கிற ஜப்பானிய விஞ்ஞானி காட்டினார். வித்தியாசம் சில சதவீதம்தான். அதுவும் வேலை நடந்து அஞ்சாறு செகண்ட் கழிச்சுத்தான் உச்சத்துக்கு வரும். உங்க அண்ணனை உள்ள படுக்க வெச்சு, "பந்து"ன்னு காட்டி, அதுக்கு ஏத்த வினைச்சொல்லை மனசுக்குள்ளயே நினைக்கச் சொல்லியிருப்பாங்க. எறி, பிடி, உதை. கொஞ்ச நேரம் நினைக்கணும், கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும், இப்படி மாத்தி மாத்தி. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு வர்றதுதான் அந்தக் கலர்.

இந்தக் கணக்குலதான் விஷயமே இருக்கு. எவ்வளவு வித்தியாசம் இருந்தா கலர் போடணும்கிற வரம்பை நாங்கதான் வைக்கிறோம். வரம்பை இறக்கினா ஆரஞ்சு பரவும், ஏத்தினா சுருங்கும். அப்போ நீங்க பார்த்த "இடைவெளி" இருக்கே, அது அளவுகோல் வெச்சு அளந்த இடைவெளி இல்ல. 2009-ல அமெரிக்காவுல சிலர் செத்துப்போன சால்மன் மீனை ஸ்கேனர்ல வெச்சு, அதுக்கு மனுஷங்க போட்டோவைக் காட்டினாங்க. கணக்கைச் சரியா திருத்தாம விட்டா, மீன் மூளையிலயும் கலர் வருது! விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனா எங்க துறைக்கு நல்ல சூடு அது.

சரி, வரம்பு சரியாவே வெச்சாச்சுன்னு வைங்க. அப்பவும் ரெண்டு சிக்கல். ஒண்ணு, கட்டிப் பக்கத்துல இருக்கிற ரத்தக்குழாய்ங்க ஒழுங்கா நடந்துக்காது. நரம்பு செல் வேலை செய்யும், ஆனா குழாய் விரியாது, ரத்தம் கூடாது. கலரும் வராது. எங்க துல்லியம் ரொம்பத் தேவையோ அங்கயே ஸ்கேன் ஊமையாயிடும். அதனால கலர் இல்லாத இடம்னா வெட்டலாம்னு எந்த சர்ஜனும் எடுத்துக்க மாட்டார், எடுத்துக்கவும் கூடாது.

ரெண்டாவதுதான் முக்கியம். ஒரு கல்யாண வீட்டை மாடியிலேர்ந்து போட்டோ எடுக்கறீங்க. பரபரன்னு ஓடற எல்லாரும் அதுல விழுவாங்க. சமையல்காரரும் விழுவார், சும்மா குறுக்க நெடுக்க ஓடற சித்தப்பாவும் விழுவார். சித்தப்பா இல்லாட்டியும் பந்தி நடக்கும். சமையல்காரர் இல்லாட்டி? போட்டோவைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஒவ்வொருத்தரா ரெண்டு நிமிஷம் வெளிய அனுப்பிப் பார்த்தாத்தான் தெரியும். ஸ்கேனும் அப்படித்தான்: கலர் வந்த இடமெல்லாம் பேச்சுக்குக் கட்டாயம் வேணும்கிற இடம்னு சொல்ல முடியாது.

ஆபரேஷன் தியேட்டர்ல பண்றது அந்த வெளிய அனுப்பிப் பார்க்கிற வேலையைத்தான். மண்டைத்தோலையும் மூளை உறையையும் மரத்துப்போக வெச்சிடுவாங்க. மூளைக்குன்னு வலி தெரியாது, அதனால சித்திரவதைங்கிற வார்த்தை வேண்டாம். அண்ணன் முன்னாடி படம் காட்டுவாங்க: குடை, பூட்டு, சீப்பு. அவர் பேர் சொல்லச் சொல்ல, ஒரு சின்னக் கம்பியால சில மில்லி ஆம்பியர் கரண்ட்டைச் சில செகண்ட் ஒரு இடத்துல வைப்பாங்க. பேச்சு நின்னாலோ வார்த்தை மாறினாலோ அங்க ஒரு நம்பர் சீட்டு வைப்பாங்க. கரண்ட்டை எடுத்ததும் பேச்சு திரும்பிடும். இதுல வலிப்பு வர வாய்ப்பு உண்டு, ஒத்துக்கறேன். வந்தா மூளை மேல குளிர்ந்த சலைன் ஊத்தி அடக்குவாங்க.

இதுக்குப் பலன் உண்டான்னா, 2008-ல கலிஃபோர்னியாவுல 250 க்ளையோமா நோயாளிகளை இப்படி ஆபரேஷன் பண்ணின கணக்கு வெளியாச்சு. முதல் வாரத்துல பேச்சுல புதுசா பிரச்சினையோ, இருந்தது மோசமானதோ 56 பேருக்கு. ஆறு மாசத்துல அதுல 52 பேருக்குப் பழைய நிலை திரும்பிடுச்சு. பிரச்சினை நிரந்தரமா தங்கிப்போனது 4 பேருக்குத்தான். முதல் வாரம் அண்ணன் தடுமாறினா பயந்துடாதீங்கன்னுதான் இந்த நம்பரைச் சொல்றேன்.

அப்போ ஸ்கேன் தண்டமான்னா, இல்லவே இல்ல. பேச்சு எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கிறதுல அது கெட்டி. வலது கைக்காரங்கள்ல சுமார் 95 சதவீதம் பேருக்கு இடது பக்கம்தான், ஆனா மிச்ச அஞ்சு பேர்ல ஒருத்தரா இவர் இருந்தா? முன்னாடியெல்லாம் இதுக்கு வாடா டெஸ்ட். சிரிக்காதீங்க, ஜுன் வாடான்னு ஒரு ஜப்பானிய டாக்டர் பேரு. கழுத்துல மேல போற ரத்தக்குழாய்ல மருந்து ஏத்தி, பாதி மூளையைச் சில நிமிஷம் தூங்க வைக்கிறது. வலிப்பு நோய் ஆபரேஷன்ல பலருக்கு அதுக்குப் பதிலா எஃப்.எம்.ஆர்.ஐ.யே எடுத்துக்கலாம்னு 2017-ல அமெரிக்க நரம்பியல் அகாடமி வழிகாட்டுதல் கொடுத்துது. அப்புறம் மண்டையை எங்க திறக்கறது, எந்த ஓரத்துலேர்ந்து சோதிக்க ஆரம்பிக்கிறது, இதுக்கெல்லாம் அந்தப் படம்தான் சர்ஜனுக்கு வழி. ஆனா திறந்து, மூளையைச் சுத்தியிருக்கிற தண்டுவட நீர் வெளியேறினதும் மூளை கொஞ்சம் அமுங்கும், சில சமயம் ஒரு சென்டிமீட்டருக்கு மேலயே. முந்தின வாரம் எடுத்த வரைபடம் அங்கயே நகர்ந்துபோச்சு.

உங்ககிட்ட கலர் கலரா நூல் மாதிரி ஒரு படமும் இருக்கலாம், டி.டி.ஐ.ன்னு. தண்ணி நகர்ற திசையை வெச்சு நரம்புப் பாதையை ஊகிக்கிறது. அழகா இருக்கும். பாதைங்க ஒண்ணையொண்ணு வெட்டற இடத்துல அது குழம்பும், இல்லாத பாதையையும் வரைஞ்சு காட்டும். அதை அப்படியே நம்பிடாதீங்க.

எல்லாருக்கும் முழிச்சிருந்து பண்ண முடியாது, அதையும் சொல்லணும். ஏற்கனவே பேச்சு ரொம்ப மோசமானவங்க, ரொம்ப பதட்டப்படறவங்க, சின்னக் குழந்தைங்க, இவங்களுக்கெல்லாம் ஸ்கேனைத்தான் அதிகமா நம்பவேண்டி வரும். உங்க அண்ணனை டாக்டர் தேர்ந்தெடுத்திருக்கார்னா, அவருக்குப் பேச்சு இன்னும் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

வீட்டுல நீங்க செய்யவேண்டியது மூணு. அண்ணன் தமிழோட வேற மொழியும் தினம் பேசறவரா இருந்தா இப்பவே டாக்டர்கிட்ட சொல்லுங்க. ரெண்டு மொழிக்கும் இடம் கொஞ்சம் தள்ளித்தள்ளி இருக்கலாம், ரெண்டுலயும் சோதிக்கணும். படங்களை முதல் நாளே காட்டிப் பேர் கேட்பாங்க. அவர் கத்தரிக்கோலைக் கத்திரின்னு சொல்றவரா, சிசர்ஸ்னு சொல்றவரா, அப்படியே எழுதிக்கச் சொல்லுங்க. இல்லாட்டி உள்ள அவர் சரியாச் சொன்னதையே தப்புன்னு குறிச்சிடுவாங்க. அப்புறம், கண்ணாடி போடறவர்னா அதையும் கொண்டு போகணும். படுத்தபடி, தலையை ஆட்டாம, படத்தைப் பார்த்தாகணும் இல்லையா.