நட என்றால் நடக்காத கால், தாண்டு என்றால் தாண்டுகிறது

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இருக்கும் பார்க்கின்சன் நோய் என்றதும் பலருக்கும் கை நடுக்கம்தான் நினைவுக்கு வரும். நடுக்கம் தொல்லைதான், இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் என்னைக் கீழே தள்ளப் பார்ப்பது அது இல்லை. ஹாலில் நன்றாகத்தான் நடந்து வருவேன், சமையலறை வாசல் வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னால் போகும்.

காலில் பலம் இல்லாமல் இல்லை. மூளையில் டோபமைன் என்ற, அசைவுக்கு உதவும் ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் குறைந்துபோவதால், யோசிக்காமலே தானாக நடந்த நடை தடைபடுகிறது. ஆனால் கண்ணுக்கோ காதுக்கோ ஒரு குறிப்பு கிடைத்தால் கால் எழும்பிவிடும். சமதளத்தில் திணறுகிற சிலர் மாடிப்படியில் தடதடவென்று ஏறுவது இதனால்தான், படியே குறிப்பாகிவிடுகிறது.

கேமராவைக் கொஞ்சம் கீழே காட்டுகிறேன், பாருங்கள். வாசலுக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் டேப், ஒரு காலடி இடைவெளியில் குறுக்காக ஒட்டியிருக்கிறேன். நட என்றால் நடக்காத கால், கோட்டைத் தாண்டு என்றால் தாண்டுகிறது! வெளியே போனால் டேப்புக்கு எங்கே போவது? அங்கே ஒட்டிக்கொண்டால் முதலில் நின்றுவிடுவேன், முட்டிமோதுவதில்லை. மூச்சு விட்டு, உடம்பை இடம் வலமாக மெல்ல ஆட்டி, எடையை ஒரு காலுக்கு மாற்றி, ஒன்று இரண்டு மூன்று என்று வாய்விட்டுச் சொல்லி அடுத்த காலைப் பெரிய எட்டாக வைப்பேன், குதிகால் முதலில் படுகிற மாதிரி. திரும்பும்போதும் நின்ற இடத்திலேயே சுழலாமல் வளைந்துதான் போவேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், "சீக்கிரம் வாங்கப்பா" என்று அவசரப்படுத்தவும் வேண்டாம். அவசரம் வந்தால் கால் இன்னும் இறுகும், காலிங்பெல் அடித்தாலே எனக்கு அப்படித்தான். கையில் காபி டம்ளர் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அது பெரிய உதவி.

அப்புறம் மாத்திரை. பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மருந்தின் வேகம் குறையும் நேரத்தில்தான் பலருக்கும் இப்படிக் கால் ஒட்டிக்கொள்வது அதிகம். புரதம் அந்த மருந்து உடம்பில் சேர்வதற்குப் போட்டியாக வரும் என்பதால், முட்டை, பருப்போடு சேர்த்து விழுங்காமல் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்வார்கள். எந்த நேரத்தில் கால் ஒட்டுகிறது என்று ஒரு நோட்டில் குறித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள், அளவை நீங்களே கூட்டிக் குறைக்காதீர்கள்.

சரி, படுக்கையில் புரள்வது தனிக்கதை, அதை அடுத்த வீடியோவில் கட்டிலோடு காட்டுகிறேன்.