கட்டணத்துக்கு வேண்டாம், மிச்சத்துக்குப் போடுங்கள்

நடுவர் அவர்களுக்கும், எதிரே அமர்ந்திருக்கும் அணியினருக்கும், அவையோருக்கும் வணக்கம். ‘தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி வேண்டுமா, வேண்டாமா?’ என்பது தலைப்பு. வேண்டாம் என்கிற அணியில் இரண்டாவதாக வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவருக்குக் கைதட்டல் நிறையக் கிடைத்தது. கிடைக்கத்தான் செய்யும். ஜூன் மாத பீஸ் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் நின்று "பள்ளிக்கூடம் கொள்ளையடிக்கிறது" என்றால் யார் தட்ட மாட்டார்கள்? நானும் தட்டினேன். ஆனால் ஐயா சொன்ன தீர்வு என்ன? கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. கொள்ளையடித்தவரை விட்டுவிட்டு, பறிகொடுத்தவரிடம் போய் அபராதம் கேட்கிறது. எங்கள் அணி ‘வரியே கூடாது’ என்று சொல்ல வரவில்லை, நடுவர் அவர்களே. கட்டணத்தின் மீது போடாதீர்கள், பள்ளி நடத்தி மிஞ்சுகிற பணத்தின் மீது போடுங்கள் என்கிறோம். முதலாவதைக் கட்டுபவர் பெற்றோர். இரண்டாவதைக் கட்டுபவர் தாளாளர்.

முதலில் இன்றைய நிலையைப் பார்ப்போம். 28.6.2017 தேதியிட்ட 12/2017 அறிவிக்கைப்படி, மழலையர் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை பள்ளி நடத்தும் கல்விச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு. தனியார் டியூஷன் சென்டருக்கும் நீட், ஜேஇஇ கோச்சிங்குக்கும் 18 சதவீதம். "அதற்குப் போடும்போது இதற்கு ஏன் கூடாது?" என்று ஐயா கேட்டார். வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு பள்ளிக்கு அனுப்பாமல் இருக்க முடியாது. 6 வயது முதல் 14 வயது வரை கல்வி அரசியல் சட்டத்தின் 21ஏ பிரிவு தரும் உரிமை. கோச்சிங்குக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சில பள்ளிகள் பிளஸ் ஒன் பீஸுக்குள்ளேயே கோச்சிங் கட்டணத்தையும் சுருட்டி வைத்து, மொத்தத்தையும் விலக்கு என்று காட்டுகின்றன. அது தப்பு. கோச்சிங்கைத் தனி பில் போட்டு 18 சதவீதம் வசூலிக்க இன்றைய சட்டமே போதும். அதைச் செய்யாமல் யூகேஜி குழந்தைக்கும் சேர்த்து வரி போடு என்பது என்ன நியாயம்?

இப்போது கணக்குக்கு வருகிறேன். இந்த மேடையில் இதுவரை யாரும் கணக்கைத் தொடவில்லை.

500 பிள்ளைகள் படிக்கும் ஒரு மெட்ரிக் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக் கட்டணம் 30,000 ரூபாய். மொத்த வரவு ஒன்றரைக் கோடி. 18 சதவீதம் போட்டால் 27 லட்சம். "பயப்படாதீர்கள், பள்ளி வாங்கும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டாகக் கழித்துக்கொள்ளலாம், பாரம் குறைந்துவிடும்" என்று எதிரணி ஆறுதல் சொன்னது. எவ்வளவு குறையும்? பள்ளியின் செலவில் பெரும்பங்கு சம்பளம். சம்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆகவே கழிக்க ஒன்றுமில்லை. மின்சாரமும் பஸ்ஸுக்கு ஊற்றுகிற டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கின்றன. அங்கேயும் ஒன்றுமில்லை. மிச்சம் இருப்பது கம்ப்யூட்டர், ஸ்மார்ட் போர்டு, பெஞ்சு, பெயின்ட், டோனர், சாப்ட்வேர். இவற்றுக்கு ஆண்டுக்கு 14 லட்சம் செலவு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதில் ஜிஎஸ்டி 2,52,000. கழித்தது போக, பள்ளி அரசுக்குக் கட்ட வேண்டியது 24,48,000. கிடைத்த கிரெடிட்டைப் பள்ளி ஒரு பைசா விடாமல் பெற்றோருக்குக் கொடுத்துவிட்டாலும், பிள்ளை ஒன்றுக்கு 4,896 ரூபாய் கூடுதல். வீட்டில் இரண்டு பிள்ளை என்றால் 9,792.

‘பள்ளி கொடுத்துவிட்டாலும்’ என்று சொன்னேன். கொடுக்காவிட்டால்? ஜிஎஸ்டி சட்டத்தின் 171ஆவது பிரிவு, கிரெடிட்டின் பலனை விலையில் குறைத்துத் தர வேண்டும் என்கிறது. படிக்க அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் பிரிவின்கீழ் புதுப் புகார் வாங்குவதை 2025 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். பிரிவு இருக்கிறது, மனு வாங்க ஆள் இல்லை.

"சரி, 5 சதவீதம் போடுவோம், கிரெடிட் வேண்டாம்" என்று அடுத்து வருபவர் சொல்லக்கூடும். அப்படியானால் பிள்ளைக்கு 1,500 ரூபாய் புதிதாக ஏறும். பெஞ்சிலும் கம்ப்யூட்டரிலும் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் 504 ரூபாயும் அப்படியே கட்டணத்துக்குள் கிடக்கும். வரிக்கு மேல் வரி.

அடுத்து கட்டடம். இங்கேதான் எதிரணியின் திட்டம் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிகிறது. பள்ளியை நடத்தும் அறக்கட்டளை சொந்தமாக வகுப்பறை கட்டினால், ஒப்பந்தக்காரர் பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கும். அந்த வரிக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவின்படி கிரெடிட் கிடையாது. பள்ளிக் கட்டணத்துக்கு நாளைக்கே வரி போட்டாலும் கிடையாது. வாடகைக் கட்டடம் என்றால் கதை வேறு. நிலமும் கட்டடமும் தாளாளரின் மனைவி பெயரிலோ மைத்துனர் பெயரிலோ இருக்கும். அறக்கட்டளை மாதாமாதம் அவருக்கு வாடகை கொடுக்கும். பள்ளிப் பணம் சட்டப்படி வீட்டுக்குப் போகிற ராஜபாட்டை இது. கட்டட உரிமையாளரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால், இன்று அந்த வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்ட வேண்டும். கட்டணம் விலக்கில் இருப்பதால் அந்த வரியைக் கழிக்க வழியில்லை. ஒவ்வொரு லட்சம் வாடகைக்கும் 18,000 வெளியே போகிறது. வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றாமல் இழுத்துப் பிடிக்கிற ஒரு கயிறு அது. கட்டணத்துக்கு வரி போடுங்கள், அந்த 18,000 முழுவதும் கிரெடிட்டாகத் திரும்பி வந்துவிடும். அறக்கட்டளைப் பணத்தில் நேர்மையாகக் கட்டடம் கட்டியவருக்குச் சலுகை இல்லை. பள்ளிக்கே வாடகை வசூலிக்கிற குடும்பத்துக்குச் சலுகை. பள்ளிக்காரர்களை அடக்கப் போகிறேன் என்று கிளம்பிய எதிரணி, அவர்களில் மோசமானவருக்கு விருந்து வைக்கிறது.

பீஸ் பாக்கியைப் பற்றி எதிரணி பேசவே இல்லை. மூன்று தவணை, தவணைக்கு 10,000. சேவைக்கு முன்பணம் வாங்கினால், வாங்கிய மாதத்துக்கே வரி கணக்காகும். தவணைத் தேதி குறித்துத் தொடர்ந்து நடக்கும் சேவை என்றால், அந்தத் தேதிக்குள் பில் போட்டாக வேண்டும். பெற்றோர் பணம் கட்டினாரா இல்லையா என்று சட்டம் கேட்காது. அடுத்த மாதம் 20ஆம் தேதி வரி போய்ச் சேர வேண்டும், தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. இரண்டாம் தவணையில் 80 பேர் பாக்கி என்று வையுங்கள். வராத எட்டு லட்சத்துக்குப் பள்ளி தன் கையிலிருந்து 1,44,000 வரி கட்ட வேண்டும். பிரிட்டனில் இப்படி வராமல் போன பாக்கிக்குக் கட்டிய வரியை ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கேட்கலாம். நம் ஜிஎஸ்டி சட்டத்தில் வாராக்கடனுக்கு அப்படி ஒரு கதவே கிடையாது. பில் தொகையைக் குறைக்கிற கிரெடிட் நோட் போடலாமே என்றால், அதற்கும் காரணம் வேண்டும்: கூடுதலாக பில் போட்டிருக்க வேண்டும், அல்லது சேவையில் குறை இருக்க வேண்டும். ‘பணம் வரவில்லை’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை. இன்று ஒரு மாதம் பொறுக்கிற பள்ளி நாளைக்கு என்ன செய்யும்? பரீட்சைக்கு முன்னால் வகுப்பறை வாசலில் பெயர்ப் பட்டியல் வாசிக்கும். நிற்கப் போவது பிள்ளைகள்.

பிரிட்டனைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், ஐயா பத்து நிமிடம் அதையே பேசினார். 2025 ஜனவரி 1 முதல் அங்கே தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீதம் வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி, போட்டது உண்மை. அரசுப் பள்ளிகளுக்கு 6,500 ஆசிரியர்களை நியமிப்போம் என்று சொல்லிப் போட்டார்கள். அங்கே தனியார் பள்ளியில் படிப்பவர்கள் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. நம் ஊரில் ஆட்டோ ஓட்டுகிறவரும், தையல் கடையில் வேலை செய்கிற அக்காவும் இங்கிலீஷ் மீடியத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பீஸ் கட்டுகிறார்கள். அங்கே பெரிய கட்டடச் செலவுக்குக் கட்டிய வாட்டில் ஒரு பங்கைப் பத்து ஆண்டுக்கால வரம்புக்குள் மீட்டெடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். நமக்கு 17(5) குறுக்கே நிற்கிறது. அவ்வளவு இருந்தும் அங்கே பகல் பள்ளிகளின் சராசரிக் கட்டணம், வரியையும் சேர்த்து, ஓர் ஆண்டில் 22.6 சதவீதம் ஏறியது என்று அங்குள்ள தனியார் பள்ளிகள் கூட்டமைப்பின் கணக்கே சொல்கிறது. ஐயா கிரீஸைச் சொல்ல மறந்துவிட்டார். 2015இல் அங்கே 23 சதவீதம் போட்டார்கள், சில மாதங்களில் கைவிட்டார்கள்.

"வசூலாகும் வரியை அரசுப் பள்ளிக்குக் கொடுப்போம்" என்றார் எதிரணியில் பேசிய அம்மா. நல்ல மனசு. ஜிஎஸ்டியில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு. இரண்டு பாதியுமே பொதுக் கணக்கில் போய் விழும். ‘இது பள்ளிக்கூடத்துப் பணம்’ என்று ரூபாய் நோட்டில் முத்திரை குத்த முடியாது. கல்விக்கென்றே பெயர் வைத்து வருமான வரியில் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ் இன்றும் பிடிக்கிறார்கள். அப்படியும் 2024-25இல் மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பங்கு 2,152 கோடி, பி.எம். ஸ்ரீ என்கிற மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று நிறுத்தி வைக்கப்பட்டது. 2025இல் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தப் பணத்தை நம்பியிருந்த, தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்விச் சட்டம் ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கான சேர்க்கை அந்த ஆண்டு அக்டோபரில்தான் தொடங்கியது. பள்ளி திறந்து நான்கு மாதம் கழித்து! வசூலில் குறையில்லை அம்மா, வசூலானது வந்து சேருவதில்தான் குறை.

கடைசியாகத் தாளாளருக்கு வருகிறேன். பெற்றோர் கையில் இருக்கிற ரசீதைப் பாருங்கள். டியூஷன் பீஸ், டேர்ம் பீஸ், ஸ்மார்ட் கிளாஸ், ‘ஆக்டிவிட்டி’. அதோடு முடியாது. அறக்கட்டளை பெயரில் ‘நன்கொடை’ என்று இன்னொரு ரசீதுப் புத்தகம் இருக்கும். சில இடத்தில் அதுவும் இல்லை, வெள்ளைத் துண்டுச் சீட்டில் பென்சிலால் ஒரு எண். 2009ஆம் ஆண்டு தமிழ்நாடு பள்ளிகள் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு பள்ளி பள்ளியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. ஆணை மூன்று ஆண்டுக்குச் செல்லும். மீறினால் சிறைத் தண்டனை வரை சட்டத்தில் இடம் இருக்கிறது. குழு 30,000 என்று சொல்லி, பள்ளி 50,000 வாங்கினால், கூடுதல் 20,000 சட்டவிரோதம், திருப்பித் தர வேண்டிய பணம். எதிரணி சொல்வதுபோல் அந்த 50,000க்கும் ஜிஎஸ்டி பில் போட்டால், சட்டவிரோதமான 20,000இல் 3,600 ரூபாய் அரசுக்குப் பங்கு. பங்கு வாங்கியவர் எந்த முகத்தோடு சோதனைக்கு வருவார்?

மிச்சத்தின் மீது வரி என்றோமே, அதற்குக் கருவி தயாராக இருக்கிறது. வருமான வரி விலக்கு கேட்கும் அறக்கட்டளை, ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தையாவது தன் நோக்கத்துக்கே செலவிட வேண்டும். அறங்காவலருக்கோ உறவினருக்கோ வரம்பு மீறிய வாடகை, சம்பளம், கார் என்று பணம் போனால், அந்தத் தொகைக்கு 30 சதவீதம் வரி என்று 2022 நிதிச் சட்டம் கொண்டுவந்தது. அதன் மேல் அபராதம் முதல் தடவை அதே அளவு தொகை, அடுத்த தடவை இரு மடங்கு. கல்வி ஒன்றையே நோக்கமாகக் கொண்ட அமைப்புக்குத்தான் இந்த விலக்கு என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். கட்டணக் குழுவுக்குப் பள்ளி கொடுக்கும் வரவு செலவையும், வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் ஆடிட் அறிக்கையையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்க ஓர் அதிகாரி வேண்டும். குழுவிடம் செலவைக் கூட்டிக் காட்டினால்தான் கட்டணம் உயரும். அந்தச் செலவில் உறவினர் வாடகை எவ்வளவு என்பது இரண்டாவது காகிதத்தில் இருக்கும்.

எதிரணியில் அடுத்து எழுந்து வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி. நான் சொன்ன 500 பிள்ளை பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் 18 சதவீதத்தில் அந்தத் தாளாளர் தன் சட்டைப் பையிலிருந்து கட்டுவது எத்தனை ரூபாய்? தொகையைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.